எம்25 நாட்குறிப்பு: வேகத்தைக் குறைத்து நெரிசலைத் தள்ளிவைக்கும் சாலை

ஞாயிறு, வாட்ஃபோர்டு

அண்ணன் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் டெர்மினல் 5 கார் நிறுத்துமிடத்தில் காத்திருந்தார். பெரியப்பா மகன். இங்கே வந்து பல வருடம் ஆகிறது. வீடு வாட்ஃபோர்டில், வேலை ஹீத்ரோ பக்கம் ஒரு சரக்குக் கிடங்கில். தினமும் எம்25-ல் போய்வருகிறவர் என்பதால் அதன் ஒவ்வொரு ஜங்ஷனும் அவருக்கு மனப்பாடம்.

எம்25 லண்டனைச் சுற்றி ஓடும் 188 கிலோமீட்டர் சாலை. 1986 அக்டோபரில் கடைசித் துண்டைத் திறந்துவைத்தவர் அன்றைய பிரதமர் மார்கரெட் தாட்சர். திறந்த கொஞ்ச காலத்திலேயே வண்டிகள் நிரம்பிவிட்டன. அதிலும் ஹீத்ரோவை ஒட்டிய மேற்குப் பக்கம்தான் மோசம். அதனால் 14-ஆம் ஜங்ஷனுக்கும் 15-க்கும் நடுவில் ஒரு திசைக்கு ஆறு லேன் போட்டிருக்கிறார்கள். நாங்கள் ஏறியதும் அந்தத் துண்டில்தான்.

தலைக்கு மேலே குறுக்காக ஒரு இரும்புச் சட்டம். ஒவ்வொரு லேனுக்கும் நேராக அதில் ஒரு கறுப்புப் பலகை, சிவப்பு வளையத்துக்குள் 60 என்ற எண். மோட்டார்வேயில் (எம்25 போன்ற இங்குள்ள விரைவுச்சாலைகளில்) வழக்கமான உச்ச வேகம் மணிக்கு 70 மைல், அதாவது 112 கிலோமீட்டர். முன்னால் பார்த்தேன். வண்டிகள் நெருக்கமாக இருந்தாலும் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன. அடுத்த சட்டத்தில் 50 வந்தது. அண்ணன் காலைத் தளர்த்தினார். பக்கத்து லேன்காரரும், அவருக்கு அடுத்தவரும் தளர்த்தினார்கள். ஆறு லேனும் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு இறங்கி ஒரே சீராகப் போனது.

"ஏன்ணா, முன்னால ஒண்ணுமே இல்லையே?"

"நம்ம கண்ணுக்குத் தெரியல தம்பி. மூணு நாலு மைல் தள்ளி இருக்கும். இல்லாட்டி இப்படியே விட்டா வரப்போகுதுன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கும்."

எம்40 பிரியும் 16-ஆம் ஜங்ஷன் வரை அந்த 50 எங்களோடு வந்தது. எங்கேயும் நிற்கவில்லை. அப்புறம் வெள்ளை வட்டத்தில் சாய்வாகக் கறுப்புக் கோடு போட்ட குறி வந்தது. கட்டுப்பாடு முடிந்தது என்று பொருள். கார் மறுபடி 70-க்கு ஏறியது.

நான் ஊரில் செங்கல்பட்டிலிருந்து சென்னைக்கு அடிக்கடி ஓட்டுகிறவன். பண்டிகை விடுமுறை முடிந்த இரவுகளில் பரனூர் சுங்கச்சாவடியில் தொடங்கும் நெரிசலைப் பார்த்துப் பார்த்து மனம் வெந்தவன். அதனால் இந்தப் பயணத்தில் கோபுரப் பாலத்தையும் அருங்காட்சியகத்தையும் விட இந்தப் பலகைகளைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

திங்கள், காலை நெரிசலில்

அண்ணன் வேலைக்குக் கிளம்பும்போது நானும் கூடவே ஏறிக்கொண்டேன். காலை ஏழு மணி. 19-ஆம் ஜங்ஷனில் எம்25-ல் சேர்ந்து, கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் ஹீத்ரோ நோக்கி.

வண்டிகளின் நெருக்கத்துக்கு ஏற்ப வேக வரம்பை மாற்றும் இந்த ஏற்பாடு, மாறும் வேக வரம்பு, பிரிட்டனில் முதலில் வந்ததே இந்த மேற்குப் பக்கத்தில்தான், 1995-ல். சோதனையாகத் தொடங்கி நிலைத்துவிட்டது. வேலை செய்யும் விதம் எளிமையானது. தார்ச்சாலைக்குள் ஒவ்வொரு லேனிலும் கம்பிச்சுருளைப் புதைத்திருக்கிறார்கள், ஏறக்குறைய 500 மீட்டருக்கு ஒரு இடத்தில். வண்டி மேலே போகும்போது சுருளின் மின்காந்தத் தன்மை மாறும். அதை வைத்து எத்தனை வண்டி, என்ன வேகம், சுருளின் மேல் எவ்வளவு நேரம் வண்டி இருக்கிறது என்று கணக்கெடுத்து, நிமிடத்துக்கு நிமிடம் கம்ப்யூட்டருக்கு அனுப்புகிறார்கள். மிடாஸ் என்று பெயர். இப்போது சில இடங்களில் சுருளுக்குப் பதில் ரேடார்.

எம்25-க்கு முதலில் வைத்த கணக்கு இப்படி. ஒரு லேனில் மணிக்கு 1,650 வண்டி என்ற அளவைத் தாண்டினால் பலகை 60 காட்டும். 2,050-ஐத் தாண்டினால் 50. மணிக்கு 2,050 என்றால் ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவில் இரண்டு விநாடிகூட இல்லை. அந்த இடைவெளியில் 112 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, முன்னால் ஒருவர் பிரேக்கை லேசாகத் தொட்டாலும் பின்னால் இருப்பவர் கொஞ்சம் கூடுதலாக அழுத்துவார், அவருக்குப் பின்னால் இருப்பவர் இன்னும் கூடுதலாக. பத்து இருபது வண்டி தள்ளி ஒருவர் முழுசாகவே நிற்க வேண்டிவரும். விபத்தும் கிடையாது, வேலையும் நடக்கவில்லை, ஆனாலும் சாலை நின்றுவிடும். நம்மில் எல்லோருக்கும் இது நடந்திருக்கிறது. அரைமணி நேரம் ஊர்ந்து போய் நெரிசலின் தலைக்கு வந்து பார்த்தால் அங்கே எதுவுமே இருக்காது.

ஜப்பானில் யூகி சுகியாமாவும் கூட்டாளிகளும் இதைக் கண்ணெதிரே செய்து காட்டினார்கள். 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டத்தில் 22 கார்கள், எல்லோரும் மணிக்கு 30 கிலோமீட்டரில் ஒரே சீராக ஓட்டவேண்டும். குறுக்கே எவரும் வரவில்லை, சிக்னலும் கிடையாது. கொஞ்ச நேரத்தில் ஒரு பக்கம் கார்கள் நெருங்கி, நின்று, கிளம்பின. அந்த நின்ற கூட்டம் கார்கள் போகும் திசைக்கு எதிராக, மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி நகர்ந்தது. 2008-ல் கட்டுரையாக வந்தது. அதன் வீடியோவை எத்தனையோ பேருக்குக் காட்டியிருக்கிறேன். குற்றவாளி என்று ஒருவரையும் அதில் சுட்ட முடியாது. எல்லோரும் நல்லபடியாகத்தான் ஓட்டினார்கள்.

இன்று காலை பலகைகள் 60, 50, 40 என்று வரிசையாக இறங்கின. 40 வந்த இடத்தில் முன்னால் உண்மையிலேயே நெரிசலின் வால் தெரிந்தது. எங்கேயாவது வண்டிகள் நின்றுவிட்டதாகச் சுருள் சொன்னால், அதற்குப் பின்னால் உள்ள பலகைகள் தாமாகவே இறங்கும், ஆள் தேவையில்லை. பின்னால் வருபவர் 112-ல் வந்து நின்ற வண்டியில் மோதாமல், படிப்படியாக வேகம் குறைந்து சேர்வார். இந்த ஒரு வேலைக்காகவே இதைக் கொண்டாடலாம் என்பது என் எண்ணம். நெடுஞ்சாலையில் நெரிசலின் வாலைவிட ஆபத்தான இடம் அதிகம் கிடையாது.

சிவப்பு வளையம் இருந்தால் அந்த வேகம் சட்டப்படி கட்டாயம். மீறினால் சாதாரணமாக 100 பவுண்டு அபராதமும் லைசென்ஸில் மூன்று புள்ளியும். வளையம் இல்லாமல் எண் மட்டும் எரிந்தால் அது அறிவுரை. கேமரா பல இரும்புச் சட்டங்களில் இருக்கிறது, பலகையில் எந்த எண் எரிகிறதோ அந்த எண்ணுக்கு ஏற்ப அதுவும் மாறும்.

செவ்வாய், மழை

வெளியே போகவில்லை. அண்ணிக்கு ஒரு சந்தேகம். "மெதுவாப் போனா எப்படி அதிக வண்டி போகும்? எனக்குப் புரியவே இல்ல."

சமையலறையில் எண்ணெய் ஊற்றும் புனல் இருந்தது. ஒரு டம்ளர் அரிசியை மொத்தமாகப் புனலில் கொட்டினேன். கழுத்தில் அடைத்துக்கொண்டு விட்டு விட்டு இறங்கியது. அதே டம்ளர் அரிசியைச் சீராகச் சரித்தபோது தடங்கலில்லாமல் ஓடி, முன்னதைவிடச் சீக்கிரம் முடிந்தது. இது என் கண்டுபிடிப்பு கிடையாது. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநில நெடுஞ்சாலைத் துறையினர் இதே அரிசியையும் புனலையும் வைத்துத்தான் மக்களுக்கு விளக்கினார்கள். சியாட்டிலில் ஐ-5 சாலையில் 2010-ல் மாறும் வேகப் பலகைகள் வந்தன.

ஒரு விஷயத்தைச் சேர்த்துச் சொல்லவேண்டும். சாலை ஒருமுறை நின்றுவிட்டால், நெரிசலின் தலையிலிருந்து வண்டிகள் கிளம்பும் வீதம், நிற்பதற்கு முன்பு இருந்ததைவிடக் குறைவு. நின்றவர் மறுபடி கிளம்பி வேகம் எடுக்க நேரம் பிடிக்கிறது. அதாவது நெரிசல் சாலையின் கொள்ளளவையே கொஞ்சம் தின்றுவிடும். அதனால் நெரிசலைக் கலைப்பதைவிட அது உருவாவதைப் பத்து நிமிடம் தள்ளிப்போடுவது பெரிய லாபம். காலை நேரத்தில் சாலை பத்து நிமிடம் தாமதமாக நின்றால், அதற்குள் பல நூறு வண்டிகள் தாண்டிப் போயிருக்கும்.

ஆனால் அதிகமாகவும் எதிர்பார்க்கக் கூடாது. இந்தப் பலகைகள் சாலைக்குப் புது லேன் எதையும் போட்டுவிடாது. வண்டிகள் கொள்ளளவை மீறி வந்துகொண்டே இருந்தால் 50 காட்டினாலும் 40 காட்டினாலும் கடைசியில் நிற்கத்தான் செய்யும். கிடைப்பது வேறு: இன்று அரைமணி, நாளை ஒன்றரை மணி என்று ஆடாமல், பயண நேரம் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்பது, விபத்து குறைவது, லேன் விட்டு லேன் தாவுவது குறைவது. கிடங்கில் ஷிஃப்டுக்கு நேரத்தில் போய்ச் சேரவேண்டிய அண்ணனுக்கு முதலாவதுதான் முக்கியம். "சீக்கிரம் போகணும்னு இல்ல, எப்பப் போய்ச் சேருவேன்னு தெரிஞ்சாப் போதும்" என்றார் இரவு சாப்பிடும்போது.

புதன், பர்மிங்காம் போய்வந்தது

அண்ணனுக்கு விடுமுறை. சோலிஹல்லில் அவருடைய நண்பர் வீடு. எம்40-ல் வடமேற்கே போய், எம்42-ல் 3ஏ ஜங்ஷனில் சேர்ந்தோம். வழியில் ஆக்ஸ்ஃபோர்டுஷைர் மேடுகள், வானத்தில் வட்டமிடும் ரெட் கைட் பருந்துகள், எல்லாம் அழகுதான். எனக்கு எம்42 எப்போது வரும் என்றே இருந்தது.

3ஏ முதல் 7-ஆம் ஜங்ஷன் வரை ஏறக்குறைய 17 கிலோமீட்டர். பர்மிங்காம் விமான நிலையமும் பெரிய கண்காட்சி வளாகமும் இதை ஒட்டியே இருப்பதால் எப்போதும் கூட்டம். 2006-ல் இங்கே ஒரு புதிய சோதனை. மாறும் வேகத்தோடு, நெரிசல் நேரத்தில் மட்டும் ஹார்ட் ஷோல்டரையும் திறந்து விட்டார்கள். ஹார்ட் ஷோல்டர் என்பது இடது ஓரத்தில் பழுதான வண்டிகள் ஒதுங்குவதற்காக விட்டிருக்கும் லேன். அதன் மேலே உள்ள பலகையில் வேகம் எரிந்தால் அதில் ஓட்டலாம். சிவப்பு எக்ஸ் இருந்தால் கூடாது. திறப்பதற்கு முன் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்கள் கேமரா வழியாக ஓரம் முழுக்கப் பார்த்து, எதுவும் நிற்கவில்லை என்று உறுதி செய்வார்கள். ஏறக்குறைய 500 மீட்டருக்கு ஒரு இரும்புச் சட்டம், அதே நெருக்கத்தில் ஒதுங்கிக்கொள்ள அவசர நிறுத்துமிடங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு தொலைபேசி.

மூன்று ஆண்டு மதிப்பீட்டில், காயம் ஏற்பட்ட விபத்துகள் முன்பு இருந்ததில் பாதிக்கும் கீழே போயிருந்தன. பயண நேரத்தின் ஏற்ற இறக்கமும் குறைந்தது. போகும்போது பார்த்துக்கொண்டே வந்தேன்: அந்த நிறுத்துமிடங்கள் உண்மையிலேயே அடுத்தடுத்து வருகின்றன. ஒன்றைத் தாண்டி மூச்சு விடுவதற்குள் அடுத்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வெள்ளிக்கிழமை குறிப்பில் தேவைப்படும்.

மாலையில் டிவிடேல் பாலாஜி கோயில். நல்ல தரிசனம், அதைவிட நல்ல புளியோதரை.

வியாழன்

கால்வலி. கிராண்ட் யூனியன் கால்வாய்க் கரையில் கொஞ்சம் நடந்ததோடு சரி.

இங்கே 70 மைல் என்ற வரம்பு வந்த கதையை வாசித்துக்கொண்டிருந்தேன். பிரிட்டனில் முதல் மோட்டார்வே 1958-ல் பிரெஸ்டன் ஊருக்குப் பக்கத்தில் திறந்தது. அப்போது வேக வரம்பே கிடையாது! 1965 இலையுதிர்காலத்தில் மூடுபனியில் வரிசையாக விபத்துகள் நடந்த பிறகு, டிசம்பர் 22 அன்று தற்காலிகமாக 70 கொண்டுவந்தார்கள். 1967-ல் நிரந்தரமாக்கியவர் போக்குவரத்து அமைச்சர் பார்பரா காசில். அப்போதிருந்த எதிர்ப்பும் இன்று பலகைகளுக்கு எதிராகக் கேட்பதும் ஒரே குரல்தான்: சாலை காலியாக இருக்கும்போது என்னை ஏன் தடுக்கிறாய்? நியாயமான கேள்விதான். நாள் முழுக்க ஒரே எண்ணை வைத்திருக்கும் வரம்பைவிட, நிலைமைக்கு ஏற்ப மாறுகிற எண் அந்தக் கேள்விக்கு நெருக்கமான பதில் என்று நினைக்கிறேன்.

வெள்ளி, ஈஸ்ட் ஹாமுக்குப் போகும் வழியில்

முருகன் கோயிலுக்கும், அப்படியே ஈஸ்ட் ஹாம் கடைகளில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கவும் கிளம்பினோம். எம்25-ல் கிழக்கே 27-ஆம் ஜங்ஷன் வரை போய் எம்11-ல் இறங்கவேண்டும்.

23-ஐத் தாண்டியதும் சாலையின் முகமே மாறியது. இடது ஓரத்தில் ஹார்ட் ஷோல்டர் இல்லை. இருந்த இடத்தை நான்காவது லேனாக நிரந்தரமாக மாற்றிவிட்டார்கள், 2014 முதல். எல்லா லேனும் ஓடும் சாலை. வண்டி பழுதானால், அடுத்த அவசர நிறுத்துமிடம் வரை உருட்டிக்கொண்டு போகவேண்டும். முடியாவிட்டால் ஓடும் லேனிலேயே நிற்கவேண்டியதுதான். எம்42-ல் 500 மீட்டராக இருந்த இடைவெளி, இந்த வகைச் சாலைகளின் ஆரம்ப வடிவமைப்பில் 2.5 கிலோமீட்டர் வரை போகலாம் என்று ஆகிவிட்டது.

25-ஆம் ஜங்ஷனுக்கு முன்னால் இடது லேனுக்கு மேலே சிவப்பு எக்ஸ், மற்ற லேன்களுக்கு 40. பெரும்பாலோர் உடனே வலப்பக்கம் நகர்ந்தார்கள். ஒரு லாரி மட்டும் அடுத்த சட்டம் வரை அப்படியே போய்க் கடைசி நேரத்தில் நுழைந்தது. கொஞ்ச தூரத்தில் காரணத்தைப் பார்த்தேன். ஒரு சின்னக் கார், விளக்குகள் மின்ன, லேனின் நடுவிலேயே நின்றிருந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் புல்வெளியில் ஒரு அம்மாவும் இரண்டு குழந்தைகளும், மழைக்கோட்டை இறுக்கிப் பிடித்தபடி. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த எக்ஸ் எரிவதற்கு முன்னால், அவர்கள் காரைவிட்டு இறங்கிக்கொண்டிருந்த நிமிடத்தில், பின்னால் வந்தவர்கள் எல்லோரும் 112-ல் அல்லவா வந்திருப்பார்கள்?

இதற்கு விலை கொடுத்திருக்கிறார்கள். ஐந்து ஆண்டுகளில் இப்படிப்பட்ட ஸ்மார்ட் மோட்டார்வேகளில் 38 பேர் இறந்ததாக 2020 தொடக்கத்தில் பிபிசி வெளியிட்டது. அதே வருடம் வந்த அரசின் ஆய்வு, மொத்தத்தில் இவை மற்ற மோட்டார்வேகளைவிட மோசமில்லை என்று சொன்னது. ஆனால் நின்ற வண்டியில் ஓடும் வண்டி மோதும் ஆபத்து ஹார்ட் ஷோல்டர் இல்லாத சாலையில் கூடுதல் என்பதையும் ஒப்புக்கொண்டது. 2021 நவம்பரில் நாடாளுமன்றப் போக்குவரத்துக் குழு புதிய வேலைகளை நிறுத்தச் சொன்னது. 2022 ஜனவரியில் நிறுத்தினார்கள். 2023 ஏப்ரலில் புதிதாகக் கட்டுவதையே ரத்து செய்தார்கள். ஏற்கெனவே கட்டியவற்றில் நின்ற வண்டியைக் கண்டுபிடிக்கும் ரேடாரும், 150-க்கு மேற்பட்ட கூடுதல் நிறுத்துமிடங்களும் போடும் வேலையும் நடந்தது.

என் வருத்தம் இதுதான். மாறும் வேக வரம்பு ஒரு நல்ல காரியம். ஹார்ட் ஷோல்டரை எடுத்துவிடுவது முற்றிலும் வேறு முடிவு. அகலப்படுத்த நிலமும் பணமும் செலவழிக்காமல் ஒரு லேனை மிச்சம் பிடிப்பதற்காக எடுத்தது அது. இரண்டையும் சேர்த்துக் கட்டி, ஸ்மார்ட் என்று ஒரே பெயர் வைத்துவிட்டார்கள். இப்போது ஒன்றின் மேல் உள்ள கோபம் மற்றதன் மேலும் விழுகிறது. திங்களன்று நாங்கள் போன மேற்குப் பக்கத்திலும் பலகைகள் இருக்கின்றன, சுருள் இருக்கிறது, கேமரா இருக்கிறது. கூடவே ஒதுங்குவதற்கு ஓரமும் இருக்கிறது. ஓரத்தை விட்டுவைத்து வேகத்தை மட்டும் ஆளுகிற சாலை எந்த ஊருக்கும் பொருந்தும். நம் ஊர் அதிகாரிகள் யாராவது பார்க்க வந்தால் அந்தத் துண்டையும் இந்தத் துண்டையும் ஒரே நாளில் ஓட்டிப் பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொள்வேன்.

கோயிலில் கூட்டம் அதிகம். அந்த அம்மாவையும் குழந்தைகளையும் நினைத்து ஒரு அர்ச்சனை.

சனி, இரவு

சவுத்தாலில் ஒரு கல்யாண வரவேற்பு. திரும்பும்போது மணி பதினொன்றரை. எம்25 ஏறக்குறைய காலி. பலகையில் 50, பக்கத்தில் தடங்கல் இருப்பதாக எழுத்து. நாங்கள் 50-ல் போனோம். ஒரு மைல், இரண்டு மைல், நான்கு மைல். தடங்கல் எதுவும் கண்ணில் படவில்லை. அதற்குள் எங்களை எத்தனையோ கார்கள் தாண்டிப் போய்விட்டன.

சாலையில் எதையோ பார்த்ததாக யாராவது போன் செய்திருப்பார்கள். கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் பலகையை ஏற்றியிருப்பார். சாலை அதிகாரிகள் வண்டியில் வந்து பார்த்துச் சரி என்று சொல்லும்வரை அதை இறக்க முடியாது. காரணம் புரிகிறது. ஆனால் காரில் போகிறவனுக்கு அது தெரியாது. இப்படி நாலு தடவை நடந்தால், ஐந்தாவது தடவை உண்மையிலேயே ஒரு கார் நிற்கும்போதும் அவன் காலைத் தளர்த்த மாட்டான். ஏற்றுகிற வேகத்திலேயே இறக்கவும் ஆள் வேண்டும், கூடுதல் அதிகாரிகள் வேண்டும். கேமரா வாங்கும் பணத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கினால் மக்கள் பலகையை நம்புவார்கள். அண்ணனுக்கு இதில் மாற்றுக் கருத்து. "நம்பினாலும் நம்பாட்டியும் கேமராவுக்குப் பயந்து போவாங்க தம்பி" என்கிறார். கேமரா இல்லாத இரும்புச் சட்டங்களில் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். வீடு வரும்வரை விவாதம் நடந்தது, முடியவில்லை.

நாளை காலை ஹார்விச் துறைமுகம், அங்கிருந்து கப்பலில் ஹாலந்து. அங்கே ராட்டர்டாம் பக்கம் ஏ13 சாலையில், ஓவர்ஸ்ஹீ என்ற குடியிருப்பை ஒட்டி, 2002-ல் 80 கிலோமீட்டர் வரம்பு கொண்டுவந்தார்கள். இரண்டு இடங்களுக்கு நடுவே எடுத்த நேரத்தை வைத்துச் சராசரி வேகத்தைக் கணக்கிடும் கேமராக்கள். ஏ12-ல் இன்னொரு சோதனை நடந்தது. பின்னோக்கி நகரும் அந்த நெரிசல் அலையைக் கம்ப்யூட்டர் கண்டுபிடித்து, அது வந்து சேரும் முன்பே பின்னால் வருபவர்களின் வேகத்தைக் குறைத்து அலையைக் கரைக்கும் முயற்சி. அந்த இரண்டு சாலைகளிலும் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்த குறிப்பை எழுதுகிறேன். டெல்ஃப்ட் பக்கம் வாசகர்கள் யாராவது இருந்தால், ஏ13-ல் நெரிசல் பார்க்க நல்ல நேரம் காலையா மாலையா என்று சொல்லுங்கள்.